இணைப்பு ஒன்று

அந்தக் கூடத்துக்கு ஏறிப்போக இருபத்திரண்டு படிகள். வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. பந்தி பரிமாறும் இடம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை கம்மி என்று அங்கே வைத்திருந்தார்கள். ஆறு மின்விசிறிகளில் நான்குதான் சுற்றின. முழங்கால் வலியோடு ஏறி மூச்சு வாங்கி நின்ற என் கையில் ஒரு பெண் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்தார். முப்பது வயது இருக்கும். பட்டறையை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர்தான்.

“ஒரு தடவ பேசினா ஒரு கொட்டைய நடுவுல வெச்சிடணும் சார். நாலு வாரத்துக்கும் இந்த அஞ்சுதான். தீந்துட்டா, மத்தவங்களுது தீர்ற வரைக்கும் பேசக் கூடாது.”

பொது இடத்தில் யாருடைய குரல் காதில் விழுகிறது, யாருடையது விழவில்லை என்று சேர்ந்து பார்ப்பதற்கான பட்டறை. மொத்தம் நான்கு ஞாயிறுகள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பத்தொன்பது பெண்களும் பதினோரு ஆண்களும் வந்திருந்தார்கள். நான் குறிப்பெடுக்க அழைக்கப்பட்டவன். குற்றவியல் நீதிமன்றம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் தட்டச்சராக இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஏழு வருடமாக எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கூப்பிட்ட உடனே ஒப்புக்கொண்டேன்.

என்னுடைய ஐந்து கொட்டைகளும் ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. மின்விசிறிக்கு ஒன்று. படிக்கட்டில் கைப்பிடி இல்லாததற்கு ஒன்று. பத்து மணி என்று போட்டுவிட்டுப் பத்தே முக்காலுக்குத் தொடங்கியதற்கு இரண்டு. ஐந்தாவது, இந்த விளையாட்டு நியாயமா என்று கேட்டதற்குப் போனது. அதன்பின் இரண்டு மணி நாற்பது நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீர் வருவதற்குள் பதினோரு ஆண்களில் ஒன்பது பேரின் கை காலி. பெண்களிடம் கொடுத்த தொண்ணூற்றைந்தில் எண்பத்தெட்டு அவர்கள் கைக்குள்ளேயே இருந்தன. மூடிய கைகளைத் திறந்து காட்டியபோது கொட்டைகள் வியர்வையில் பளபளத்தன.

“சார், என்னுது அஞ்சும் அப்படியே கீது. எடுத்துக்கினு போய் வறுத்துத் தின்னலாமா?”

கூடத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் எழுந்தது. கேட்டவர் முப்பத்தெட்டு வயதுப் பெண். செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுவதும் கழிவறை கழுவுவதும் அவர் வேலை. பெயர் எழுதக் கூடாது, எண்தான் எழுத வேண்டும் என்பது பட்டறையின் விதி. அவர் எண் ஏழு.

“எங்க விடுதில வெளிநாட்டுக்காரங்க ஒரு மணி நேரம் கண்ண மூடிக்கினு பேசாம உக்காந்துகினு இருப்பாங்க. அத கத்துக்கறதுக்கு பிளேன் ஏறி வராங்க. நாங்க பொறந்ததுலேர்ந்து பேசாமத்தான் கீறோம், எங்கள ஒருத்தரும் வந்து பாக்கல” என்றார். சொல்லிவிட்டு, ஒரு கொட்டையை நடுவில் வைத்தார்.

நீதிமன்றத்தில் என் வேலை எப்படி நடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சாட்சி கூண்டில் நின்று பேசுவார். நீதிபதி அதைக் கேட்டு, சுருக்கி, எனக்குச் சொல்வார். நான் தட்டுவேன். ஒரு பெண் இருபது நிமிடம் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. கணவன் தலைமுடியைப் பிடித்து அடிபம்பு வரை இழுத்துப் போனது, பம்பின் கைப்பிடியை அவள் முதுகில் இறக்கியது, பக்கத்து வீட்டார் குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்தது, பிறகு அந்தக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனது. அவ்வளவும் தாளில் இறங்கியபோது, “என்னை அடித்தார். காயம் ஏற்பட்டது.” நான்கு சொற்கள். அந்தப் பெண் படித்துப் பார்க்கவில்லை. கைநாட்டு வைத்தாள். மையைத் துடைக்கத் துணி கொடுத்தது நான்.

அதனால் இந்தக் கூடத்தில் ஒன்றையும் விடக் கூடாது என்று முடிவு செய்தேன். பெரிய தாளில் கட்டம் போட்டேன். எண், வயது, தொழில், ஊருக்கு எப்படிப் போகிறார், எத்தனை நிமிடம் பேசினார், என்ன சொன்னார், குறிப்பு. ஏழு பத்திகள்.

இரண்டாம் ஞாயிறு பெண்களின் கொட்டைகள் நடுவுக்கு வரத் தொடங்கின. ஒருவர், சோறு குழைந்ததற்குக் கொதிக்கும் கஞ்சியைக் காலில் ஊற்றிய மாமனாரைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார். புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினார். தோல் வெந்து உரிந்து, மீண்டும் வளர்ந்த இடம் வேறு நிறத்தில் இருந்தது. இன்னொருவர் பேசும்போது தலையை ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டார். அடித்ததில் இடது செவிப்பறை கிழிந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். ஊராட்சிக் கூட்டத்தில் எதற்குப் பேசுவதில்லை என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டதற்கு, “பதில் சொன்னா இந்தப் பக்கம் கேக்காதும்மா, அதுக்குத்தான்” என்று சிரித்தார். நான் எழுதினேன். இடது செவி. ஒன்பது வருடம். நான்கு நிமிடம்.

யார் எத்தனை நிமிடம் பேசினார் என்ற கணக்கை வாசித்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் தாள்களைக் கிழித்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி.

“கிழிச்சிட்டீங்களா சார்?” என்று ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார்.

“ஆச்சு” என்றேன். கிழிக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் எழுதிய தாள் ஒன்றைக்கூட நான் கிழித்ததில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் மையால் எழுதிப் படி எடுத்தேன்.

மூன்றாம் ஞாயிறு ஏழாம் எண்காரர் இரண்டாவது கொட்டையை வைத்தார்.

அவர் ஊருக்கு நகரத்திலிருந்து போகும் கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு ஊர் விலக்கில் நிற்கும். அதில் வந்து இறங்குவது பெரும்பாலும் அவர் ஒருவர்தான். விலக்கிலிருந்து அவர் தெரு வரை பதினோரு மின்கம்பங்கள். மூன்றில்தான் விளக்கு. மற்றதில் போட்ட பல்புகளைக் கல் விட்டு உடைத்துவிடுகிறார்கள். இரவில் வெளிச்சம் விழுந்தால் நெல்லுக்குப் பூச்சி வரும், கதிர் பிடிக்காது என்று வயல்காரர்களின் வாதம். வயல்காரர்களில் ஒருவன் ஊராட்சித் தலைவரின் தம்பி.

“தை மாசம். ஆறாவது கம்பத்துக்கும் ஏழாவது கம்பத்துக்கும் நடுவுல. பின்னாலேர்ந்து வாயப் பொத்தினான். வாய்க்கால் பக்கம் இழுத்தான். சேத்துல என் மூஞ்ச அமுக்கினான். மூச்சு முட்டிச்சி. அவன் சோத்தாங்கை கட்டவெரலு என் பல்லுக்கு நடுவுல வந்துச்சி சார். கடிச்சேன். எலும்பு தட்டற வரைக்கும் கடிச்சேன். அவன் கத்தினான், நான் விடல. சதை வாய்ல வந்துட்ச்சி. துப்பிட்டு ஓடனேன்.”

வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“ஊர்ல அவன் இன்னா சொன்னான் தெரியுமா? மோட்டாரு பெல்ட்டுல வெரலு மாட்டிக்கிச்சாம். என் நாத்தனாரே பழம் வாங்கிக்கினு போய் பாத்துட்டு வந்துது.” ஒரு சில பெண்கள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். “எம் புருஷன் மெட்ராஸ்ல கட்டட வேல. அவருகிட்ட கூட சொல்லல. இங்கதான் மொதமொதல்ல சொல்றேன்.”

கொட்டை மிச்சமிருந்த ஓர் ஆண், “அந்த இருட்டுல தனியா ஏம்மா வரணும்? சாயங்கால பஸ்ஸுக்கே வந்துட வேண்டிதுதானே” என்று தன் கடைசிக் கொட்டையைச் செலவழித்தார்.

“அண்ணா, நீங்க ராத்திரி எந்தப் பஸ்ஸுக்கு ஊருக்குப் போவீங்க?”

“நானா? கடைசிதான்.”

“அதேதான்” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “சார் எழுதிக்கினே கீறாரு. எல்லாத்தையும் எண்ற ஆளு நீங்க. சொல்லுங்க, நீங்க எத்தினி தபா வீட்டுக்காரம்மாவ அடிச்சிருக்கீங்க?”

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் கொட்டை இல்லை. அவரே தன்னுடையதில் ஒன்றை எடுத்து என் முன்னால் உருட்டிவிட்டார்.

“இரண்டு” என்றேன்.

அது உண்மை என்றே நம்பினேன். நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் இரண்டு அறைகள். இரண்டுக்கும் காரணம், இடம், நேரம் எல்லாம் என்னால் சொல்ல முடியும். குறைவான எண் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

நான்காம் ஞாயிறு முடிவாயிற்று. காந்தி ஜெயந்தியன்று நடக்கும் கிராம சபையில் அவர் எழுந்து பேசப்போகிறார். தனக்கு நடந்ததைச் சொல்லப்போவதில்லை. பதினோரு கம்பங்களிலும் விளக்கு எரிய வேண்டும், உடைத்தால் உடைத்தவர் மேல் புகார் கொடுக்க வேண்டும், அதைத் தீர்மானமாக எழுத வேண்டும். அவ்வளவுதான். அவர் ஊரில் கிராம சபைக்கு வரும் பெண்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவது வழக்கம். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த பத்தொன்பது வருடத்தில் ஒரு பெண்ணும் அங்கே வாய் திறந்ததில்லை.

பொருளை முன்கூட்டியே கொடுத்து வைத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். “ஒரு பக்கத்துல ஒரு மனு மட்டும் எழுதிக் குடுங்க சார். போதும்.”

எழுதினேன். நல்ல மனு. ஆனால் இணைப்பு இல்லாத மனு எனக்கு மொட்டையாகத் தெரிந்தது. சான்று வேண்டாமா? வெறும் வாய்ப்பேச்சு என்று தூக்கிப் போட்டுவிட்டால்? என் கட்டத் தாளிலிருந்து அந்த விளக்குக்கு உரிய வரியை மட்டும் தனியே எடுத்து எழுதினேன். பெயர் இல்லை. எண் ஏழு. வயது முப்பத்தெட்டு. விடுதிப் பணி. கடைசிப் பேருந்து. ஆறாவது, ஏழாவது கம்பங்களுக்கு இடையில். குறிப்பு என்ற பத்தியில், தாக்கியவரின் வலது கட்டைவிரலில் கடித்த தழும்பு. நீதிமன்றத்தில் அங்க அடையாளம் எழுதியே பழகிய கை. மேலே ‘இணைப்பு 1’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். திங்கட்கிழமை காலை நானே பேருந்து ஏறிப் போய் ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

மாலை அந்த நகலை மனைவியிடம் காட்டினேன். காட்டியது பெருமைக்குத்தான். அவள் பூண்டு உரித்துக்கொண்டே படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

“இது அந்த வறுத்துத் தின்னலாமான்னு கேட்ட பொண்ணுதானே?”

“அதில் பெயரே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதான் நாலு வாரமா அவங்கள பத்தியே சொல்லிக்கினு கீறீங்க. அவங்கள பாக்காத எனக்கே தெரியுது. ஊர்க்காரனுக்குத் தெரியாதா?” கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “ஏங்க, கட்டவெரல வேற எழுதி வெச்சிருக்கீங்க. போங்க. போய் அத திருப்பி வாங்கிக்கினு வாங்க. இல்லன்னா அந்தப் பொண்ணுக்காவது போன் போட்டுச் சொல்லுங்க.”

மணி ஆறு பத்து. அலுவலகம் பூட்டியிருப்பார்கள். அவருடைய எண் என்னிடம் இல்லை, ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், தாளைக் கிழிக்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். காலையில் முதல் வேலையாகப் போகிறேன் என்றேன். மனைவி பூண்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு நான் பேருந்து நிலையத்தில் நின்றபோது ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். அழுதுகொண்டிருந்தார்.

நடந்ததை அந்தப் பெண்ணின் நாத்தனார் மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் சொன்னார். நான் யார் என்று அவருக்கு அப்போது தெரியாது. அன்று காலை ஆறு மணிப் பேருந்துக்கு இருவரும் போயிருக்கிறார்கள். நாத்தனார் செருப்பு வார் அறுந்து இருபது அடி பின்னால் நின்றுவிட்டார். வரப்பிலிருந்து மூன்று பேர் ஏறி வந்திருக்கிறார்கள். இருவர் கைகளைப் பிடித்துக்கொள்ள, தலைவரின் தம்பி பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டான்.

“‘ஆறாவது கம்பம்னு எழுதிக் குடுத்தியாமே, இதான் ஆறாவது கம்பம், நல்லாப் பாத்துக்கோ’ன்னு சொல்லி மூஞ்ச கம்பத்துல மோதினான் சார். சிமெண்டு கம்பம். மூணு தபா. நான் கத்திக்கினே ஓடியாந்தேன். மம்மட்டிக் காம்பால என் முழங்கையில ஒண்ணு வெச்சாங்க. அவளுக்கு வாயி தொறந்தபடியே தொங்கிச்சி. ‘இப்ப கடிடி’ன்னான். பல்லு ரோட்டுல கெடந்துச்சி. நான்தான் பொறுக்கியாந்தேன்.”

முந்தானை முடிச்சைத் திறந்து காட்டினார். நான்கு பற்கள்.

கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது என்றார்கள். கணவர் சென்னையிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் அப்போதுதான் அறிந்த மனிதர், இரண்டு நாள் வார்டு வாசலிலேயே நின்றார். மூன்றாம் நாள் உள்ளே போய்க் கஞ்சி ஊட்டும் உறிஞ்சுகுழலைக் கழுவி வைத்தார். இதை நாத்தனார் சொன்னார்.

நான்காம் நாள்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. கட்டிலின் தலைமாட்டில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் வீங்காத இடம் இல்லை. ஒரு கண் மூடியிருந்தது. மற்ற கண்ணால் என்னைப் பார்த்தார்.

“அந்தத் தாளை நான்தான் கொடுத்தேன். மனுவோடு சேர்த்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான்” என்றேன்.

கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எறிந்தார். என் காறை எலும்பில் பட்டது. கஞ்சி சட்டையெல்லாம் வழிந்தது. வலி பல்லைக் கடிக்க வைத்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நாத்தனார் டம்ளரைப் பொறுக்கி, கழுவி, மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மனைவி காறை எலும்பைப் பார்த்தாள். நீலமாகக் கன்றியிருந்தது.

“அடிச்சிட்டாங்களா?”

“அடிக்கவில்லை. எறிந்தார். பட்டுவிட்டது.”

“எறிஞ்சா அடி இல்லையா?”

“கையால் அடிப்பது வேறு. எறிவது வேறு.”

அவள் வெந்நீர் ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அளவுக்கு அதிகமாகப் பிழிந்தாள்.

“அப்ப பெரியவளுக்கு ஜுரம் வந்த அன்னிக்கு சொம்ப எறிஞ்சீங்களே, அது கணக்குல வராதா? புருவத்துல இத பாருங்க.” புருவத்தின் ஓரம், மயிர் முளைக்காத அரை அங்குலம். முப்பத்தாறு வருடமாகத் தினமும் நான் பார்க்கும் முகத்தில் இருந்தது அது. “எல்லார் முன்னாலயும் ரெண்டுன்னு சொல்லிட்டு வந்தேன்னு நீங்க சொன்ன அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். என் கணக்குல மூணு.”

 துணியைத் தோள் மேல் வைத்தாள். சூடு தாங்க முடியவில்லை. சொல்லவில்லை.

நாத்தனார் கொடுத்த புகாரில் மூவரும் கைதானார்கள். கிராம சபைக்கு இரண்டு நாள் முன்பு மூவரும் ஜாமீனில் ஊர் திரும்பினார்கள். அவர் பேசப்போவதில்லை என்று எல்லோரும் நினைத்தோம். பேசத்தான் முடியாதே. மனுவை நான் போய் வாசிக்கிறேன் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு துண்டுத் தாளில் பதில் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த உருண்டை எழுத்து. ‘உங்க வாய் வேணாம். என் வாய் இருக்குது.’

காந்தி ஜெயந்தியன்று பள்ளிக்கூட மைதானத்தில் துணிப்பந்தல். அந்த ஊர் வாக்காளர் அல்லாதவர்கள் சபையில் பேசக் கூடாது. எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, வெயிலில், நானும் ஒருங்கிணைப்பாளரும் நின்றோம். உள்ளே நாற்பத்தொரு பெண்கள். ஆண்கள் பள்ளித் தாழ்வாரத்தை ஒட்டி ஒரு கும்பலாக, பந்தல் ஓரமாக ஒரு கும்பலாக. தாழ்வாரக் கும்பலில் பதினைந்து பேர். அந்தத் தம்பி நடுவில் உட்கார்ந்திருந்தான். வலது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்திருந்தான்.

தலைவர் ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் வேகமாகப் படித்தார். “அவ்ளோதான். கையெழுத்து போட்ட பொம்பளைங்க கெளம்பலாம்.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏழாம் எண்காரர் எழுந்தார். முகத்தைச் சுற்றிக் கட்டு. தலைவர் ஒலிபெருக்கியைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கட்டிய பற்களுக்கு இடையிலிருந்து பேசத் தொடங்கினார். நீர் கொதிக்கும் சட்டியை மூடி வைத்ததுபோல ஒரு சத்தம். கயிற்றுக்கு வெளியே எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

“இன்னாடி சொல்லுது?” என்று பின்வரிசைக் கிழவி ஒருத்தி கேட்டாள்.

“பதினோரு கம்பம்னு சொல்லுது.”

“பதினோரு கம்பத்துலயும் லைட்டு எரியணுமாம்.”

“ஒடச்சா கேசு குடுக்கணுமாம்.”

முன்வரிசை நடுவரிசைக்குச் சொல்ல, நடுவரிசை பின்வரிசைக்குச் சொல்ல, அந்தப் பேச்சு பந்தலின் கடைசி வரை போயிற்று. தாழ்வாரப் பக்கம் ஒருவன் எழுந்து, “பேசத் தெரியாததெல்லாம் எதுக்கு வந்து கொரங்கு மாதிரி...” என்றான். முடிப்பதற்குள் நாத்தனார், முழங்கைக் கட்டோடு, “வாயத் தொறந்து நல்லா பேசற நீ இத்தினி வருஷமா இன்னாடா பேசின?” என்றார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பறந்து வந்தது. அவர் மேல் பட வேண்டியது, பக்கத்தில் குந்தியிருந்த பெண்ணின் நெற்றியைக் கிழித்தது. தலையைச் சாய்த்துக் கேட்கும் அந்த இடது செவிக்காரர்தான், அவரும் அதே ஊர். வந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. ரத்தம் மூக்கு வழியாக இறங்கி மடியில் சொட்டியது. இரண்டு காவலர்கள் ஓடிவந்து எறிந்தவனைப் பிடித்தார்கள். அவன் ஒரு காவலரின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தான். லத்தி அவன் தொடையில் மூன்று முறை விழுந்தது.

இவ்வளவுக்கும் ஏழாம் எண்காரர் உட்காரவில்லை. ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதியதை அவர் தோளுக்கு மேலிருந்து குனிந்து படித்தார். பிறகு விரலை அந்த வரி மேல் வைத்தார். நாத்தனார் உரக்கப் படித்தார். “தெருவிளக்கு பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது.”

நான்கு சொற்கள். என்னால் அடக்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “கம்பங்களின் எண்ணிக்கையைச் சேர்க்கச் சொல்லுங்கள்! எந்தெந்தக் கம்பம் என்று...”

அவர் திரும்பிப் பார்த்தார். பல்லுக்கு இடையிலிருந்து வந்த அந்த ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“சார், நீங்க சும்மா இருங்க.”

நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்த பெண்கூடச் சிரித்தார்.

செயலர் அந்த வரியை அடித்துவிட்டு, ஏழாம் எண்காரர் சொல்லச் சொல்ல, நாத்தனார் திருப்பிச் சொல்ல, எழுதினார். பதினான்கு நிமிடம். மேற்பார்வைக்கு வந்திருந்த அலுவலர் எழுந்து, ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார். பெண்கள் நாற்பத்தொன்று. பந்தல் ஓரத்து ஆண்களில் இருபத்து மூன்று. பிறகு, எதிர்ப்பவர்கள் என்றார்.

தாழ்வாரக் கும்பலில், நாற்காலி எறிந்தவன் போக, பதினான்கு பேர் இருந்தார்கள். கைகளை எண்ணினேன். பதின்மூன்று. சரிபார்க்க மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான். அந்தத் தம்பியின் கை லுங்கிக்குள்ளேயே இருந்தது. நாற்பத்தொரு பெண்களும் ஒலிபெருக்கியையோ அலுவலரையோ பார்க்கவில்லை. அந்த லுங்கி மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்தவன் அவன் முழங்கையை இடித்தான். அவன் அசையவில்லை.

“பதின்மூணு எதிர்ப்பு. தீர்மானம் நெறைவேறிச்சி” என்றார் அலுவலர்.

செவிக்காரருக்கு ஐந்து தையல். விளக்குகள் போட்டார்கள். முதல் வாரம் இரண்டை உடைத்தார்கள். புகார் போயிற்று, மறுபடி போட்டார்கள். தாடை வழக்கு நடக்கிறது. அதில் யார் தட்டச்சு செய்கிறார்களோ தெரியவில்லை.

கம்பி பிரித்த பிறகு, பொய்ப்பல் கட்டிக்கொள்ள நகரத்துக்கு வந்த ஒரு நாள், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் அல்ல, மனைவியிடம். நாத்தனார் வழியாக இருவரும் போனில் பேசிப் பழகியிருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. இதை எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எழுதுங்க. எழுதிட்டு, குடுக்கறதுக்கு முன்ன எனக்குப் படிச்சிக் காட்டுங்க. அப்பால நான் சொல்றத மாத்தணும்.”

படித்துக் காட்டினேன். மாற்றச் சொன்னதை மாற்றியிருக்கிறேன். கம்பங்கள் பதினொன்று அல்ல. அவர் எண் ஏழு அல்ல, வயதும் அது அல்ல. அவர் வேலை விடுதியிலா வேறெங்கா என்று தேட வேண்டாம். கடிபட்டது கையில்தான், கட்டைவிரல் அல்ல. மண்டபத்தின் படிகள் இருபத்திரண்டு என்பது சரி. அதனால் யாருக்கும் ஒன்றும் வராது.

மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சொம்பு வரும் இடத்தில் நிறுத்தி, “அத மாத்திடட்டுமா?” என்று அவளைக் கேட்டேன்.

“அது எதுக்கு மாத்தணும்? மூணுன்னே இருக்கட்டும்” என்றாள்.